வக்காலத்தில் கையெழுத்திடும் முன்

கண்ணு, சிவில் பக்கமே இருக்கப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். மனசு நிறைந்தது. உன்னோடு படித்தவர்கள் 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டங்களை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருப்பார்கள். உன் கைக்கு வரும் உரிமையியல் நடைமுறைச் சட்டமோ 1908-ல் இயற்றப்பட்டு, 1909 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 158 பிரிவுகள், அவற்றுக்குப் பின்னால் 51 கட்டளைகள், ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் விதிகள். பார்த்தால் மலைப்பாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கவலையில் பிறந்தவை: ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு இன்னொருவர் தலையில் தீர்ப்பை இறக்கிவிடக் கூடாது. 1955-ல் சங்ராம் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதைத்தான் வற்புறுத்தினார். நடைமுறை நீதிக்குத் துணையாக வந்தது, ஆட்களைத் தடுக்கி விழவைக்க வந்ததில்லை என்றார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு விதிகளைப் படி. கீழே இருப்பவை நான் பார்த்தும் பட்டும் கற்றவை.

1. நிலத்தை மிதித்துப் பார்க்காமல் பிராது எழுதாதே.
கட்சிக்காரர் பத்திரத்தை மேசைமேல் வைத்ததும் அதைப் பார்த்துச் சொத்து விவரத்தை டைப் செய்யத் தோன்றும். பத்திரம் எழுதிய நாளில் மேற்கே இருந்தவர் நிலத்தை விற்றிருப்பார், வாங்கியவர் வரப்பை வெட்டியிருப்பார், சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்கும். கட்டளை 7 விதி 3 அசையாச் சொத்தை அடையாளம் காணும்படி விவரிக்கச் சொல்வது சும்மா இல்லை. எங்கள் சேலம் பக்கத்தில் ஒரு வண்டிப்பாதை வழக்கு. வாதி ஜெயித்தார், அப்பீலிலும் ஜெயித்தார். டிகிரியை எடுத்துக்கொண்டு அமீனா போய் நின்றால், பிராதில் சொன்ன புளியமரமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. பாதை கிணற்றுக்குத் தெற்கே போகிறது, சொத்து விவரமோ வடக்கே என்கிறது. அமீனா 'அடையாளம் காண முடியவில்லை' என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறினார். அந்தப் பெரியவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு திசை தப்பாகப் போனதற்கு அவர் கொடுத்த விலை அது. அதனால் புல வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போ. கிணறு எங்கே, பம்ப் செட் எங்கே, யார் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று நின்று பார். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசு. கட்சிக்காரர் சொல்ல மறந்ததை அவர் சொல்வார்.

2. கேட்க வேண்டியதை முழுசாகக் கேள்.
கோர்ட் கட்டணம் மிச்சமாகும் என்று வெறும் உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டு வழக்குப் போடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. உரிமையிலேயே தகராறு இருக்கும்போது விளம்புகை கேட்காமல் உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டால் வழக்கு நிற்காது. இதைவிடக் கொடுமை கட்டளை 2 விதி 2. ஒரே வழக்கு மூலத்தில் கிடைக்கக்கூடிய பரிகாரத்தை கோர்ட் அனுமதி வாங்காமல் விட்டுவிட்டால், பிறகு அதற்காகத் தனி வழக்குப் போட முடியாது. விர்கோ இண்டஸ்ட்ரீஸ் வழக்கு நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து போனது. கிரய ஒப்பந்தத்தை வைத்து முதலில் 2005-ல் உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டார்கள். ஏற்றதை ஆற்றும்படி 2007-ல் தனியாக வழக்குப் போட்டார்கள். 2012-ல் சுப்ரீம் கோர்ட் அந்த இரண்டாவது வழக்குகள் செல்லாது என்றது. விதி கடுமையாகத் தெரியும். ஆனால் பிரதிவாதி இடத்தில் இருந்து பார். ஒரே சண்டைக்கு ஒரு மனிதனை எத்தனை தடவை கோர்ட் படியேற வைப்பது?

3. பாதகமான காகிதத்தை முதலில் வெளியே எடு.
கட்சிக்காரர் ஒரு பத்திரத்தை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்வார். 'அது வேண்டாங்க, அது வேற விஷயம்' என்பார். அந்தக் காகிதத்தைத்தான் நீ முதலில் படிக்க வேண்டும். செங்கல்வராய நாயுடு வழக்கை ஒருமுறை உட்கார்ந்து படி. ஏலத்தில் எடுத்த சொத்தை முதலாளிக்கு விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரத்தை மறைத்து, பாகப்பிரிவினைக்கு முதல்நிலை டிகிரி வாங்கியிருந்தார் வாதி. கோர்ட்டிலிருந்து அப்படி ஓர் ஆவணத்தை மறைத்து வாங்கிய டிகிரி மோசடியானது, எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கட்டத்திலும் அதை எதிர்க்கலாம் என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. காகிதத்தை நீயே காட்டி நீயே விளக்கம் சொன்னால் நீதிபதி காது கொடுப்பார். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் அதை உருவி எடுத்தால், அதற்கப்புறம் உன் கட்சிக்காரர் சொல்லும் உண்மையும் எடுபடாது. 'காட்டாதீங்க' என்று அவர் ஒற்றைக்காலில் நின்றால் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஃபீஸ் போகட்டும்.

4. பிராதை வாசித்துக் காட்டு.
கடைசிப் பக்கத்தில், மேலே கண்ட சங்கதிகள் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று கையெழுத்து வாங்குகிறோமே, அது கட்டளை 6 விதி 15 கேட்கும் உறுதிமொழி. குமாஸ்தா பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, 'இங்க இங்க வைங்க' என்று கைநாட்டு வாங்கிவிடுவது அதற்கு ஈடாகாது. நம் கீழ்க் கோர்ட்டுகளில் தமிழிலேயே பிராது போடலாம். தமிழில் எழுது, கட்சிக்காரரை எதிரே உட்கார வைத்து வாசி. பாதியில் 'இல்லீங்க, பாகம் பிரிச்சது எங்கப்பா செத்ததுக்கு முன்னாடி' என்று ஒரு குரல் வரும். அந்த ஒரு குரலுக்காகத்தான் வாசிக்கச் சொல்கிறேன். விசாரணை தொடங்கியபின் திருத்த மனு போட்டால், முன்பே ஏன் சொல்லவில்லை, எவ்வளவு முயற்சி எடுத்தாய் என்று 6-வது கட்டளை 17-வது விதி உன்னைக் குடைந்துவிடும்.

5. எதிரியின் விலாசத்தை உண்மையாக எழுது.
இதை நீ மறக்கவே கூடாது. கணவனை இழந்த ஓர் அம்மா, மகள் வீட்டோடு போய்விட்டார். மைத்துனர் பாகத் தாவா போட்டார். அம்மா எங்கே இருக்கிறார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். பிராதில் மட்டும் பூட்டிக்கிடந்த பழைய வீட்டு விலாசம். சம்மன் போனது, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பியது. ஒட்டிவிட்டு வந்தார்கள். அப்புறம் பேப்பர் விளம்பரம். அந்த வீட்டில் யாரும் வாங்காத பேப்பர். பிரதிவாதி பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள், ஆள் இல்லை, எக்ஸ்பார்ட்டி. பட்டா மாறுதலுக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. தன் பெயரைக் கோர்ட் வராந்தாவில் கூப்பிட்டார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. 'நான் இங்கதான இருந்தேன்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கட்டளை 9 விதி 13-ன்படி டிகிரியைச் செட் அசைட் செய்ய மனுப் போட்டோம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள் என்று காலவரம்புச் சட்டமே அவருக்கு வழி வைத்திருந்தது. டிகிரி போனது, வழக்கு முதலிலிருந்து நடந்தது. ஆனால் அந்த மனு நடந்த காலமெல்லாம் அந்த அம்மாவின் தூக்கம் கெட்டதே, அதற்கு எந்தக் கட்டளையில் பரிகாரம் இருக்கிறது? விலாசம் எழுதித் தந்த வக்கீலுக்கு உண்மை தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீ கேள். 'இப்ப எங்கே இருக்காங்க, போன் நம்பர் என்ன, கடைசியா எப்பப் பார்த்தீங்க?' சம்மனுக்குப் பேட்டா கட்டுவதற்கு முன் இந்த மூன்று கேள்விகள்.

6. இடைக்கால உத்தரவு கையில் வந்ததும் உன் கடமை ஆரம்பிக்கிறது.
எதிர்த்தரப்பு இல்லாமலே உறுத்துக் கட்டளை வாங்கிவிட்டால் இளம் வக்கீலுக்குக் கால் தரையில் பாவாது. கட்டளை 39 விதி 3 என்ன சொல்கிறது? நோட்டீஸ் இல்லாமல் உத்தரவு போடும் நீதிபதி காரணம் எழுத வேண்டும். நீ மனு, பிராது, ஆவணங்களின் நகலை உடனே எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அனுப்பிவிட்டேன் என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டும். 30 நாளில் அந்த மனுவை முடிக்கக் கோர்ட் முயல வேண்டும் என்கிறது 3-ஏ. கேட்காமலே ஒருவர் கையைக் கட்டியாயிற்று, சீக்கிரம் அவரைப் பேசவிடு என்பதுதான் இதன் உயிர். தபாலைத் தாமதப்படுத்தி, வாய்தா வாங்கி, அந்த உத்தரவிலேயே வருஷக்கணக்கில் குளிர் காய்பவர்களைப் பார்ப்பாய். அவர்களோடு சேராதே. 2000-ல் வெங்கடசுப்பையா நாயுடு வழக்கில், இது நம் தமிழ்நாட்டு வழக்குத்தான், அப்படி இழுத்தடிக்கப்பட்டால் பாதிக்கப்பட்டவர் நேரே அப்பீல் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட் கதவு திறந்துவிட்டது. உன் கட்சிக்காரர் மேல் உத்தரவு வரும் என்று சந்தேகம் இருந்தால் பிரிவு 148-ஏ-ன்படி கேவியட் போட்டுவை. அதற்கு ஆயுள் 90 நாள். நாட்காட்டியில் குறித்துக்கொள்.

7. எதிருரையில் ஒளிந்துகொள்ளாதே.
'பிராதில் கண்ட சங்கதிகள் யாவும் பொய், வாதி கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும்' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் மறுப்பது சோம்பேறித்தனம். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது கட்டளை 8 விதி 5. பத்தி பத்தியாகப் பதில் சொல். உண்மையான சங்கதியை ஒப்புக்கொள். வாதி உன் கட்சிக்காரரின் அண்ணன்தான் என்றால் ஆமாம் என்று எழுதிவிடு. அதற்கு ஏன் சாட்சி விசாரணை?

எதிருரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை. 2002-ல் திருத்தம் வந்தபோது தமிழ்நாடு முழுக்க வக்கீல்கள் கொதித்தார்கள். எங்கள் சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் பெயரில்தான் அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் போனது. திருத்தங்கள் செல்லும், ஆனால் அந்த 90 நாள் இரும்புச் சுவர் ஆகாது, அபூர்வமான நேரங்களில் கோர்ட் தாண்டலாம் என்று 2005-ல் முடிவாயிற்று. அபூர்வமான என்ற சொல்லை நம்மவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். வணிக வழக்குகளில் அந்தச் சலுகையும் கிடையாது. 120 நாள் முடிந்தால் எதிருரை போடும் உரிமையே போய்விடும்.

8. வாய்தா கைமாற்றுக் கடன் மாதிரி.
கேட்கும்போது சுலபமாக இருக்கும். விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று 17-வது கட்டளையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நடப்பது உனக்கே தெரியும். அந்தக் கணக்கைவிட ஒன்றைக் கவனி. சாட்சிக்கூண்டுக்கு வெளியே ஒரு கிராமத்து ஆள் நிற்பார். ஆட்டுக்குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். நீ 'சீனியர் ஹைகோர்ட் போயிருக்கிறார்' என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அவர் வரமாட்டார். உண்மையும் அவரோடு வீட்டிலேயே இருந்துவிடும்.

9. தாமதத்துக்கு உள்ள காரணத்தைச் சொல், இல்லாத காரணத்தை வாங்காதே.
தாமதத்தை மன்னிக்கக் கோரும் பிரமாணப் பத்திரங்களில் நம் ஜில்லா முழுக்க எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்திருக்கும். நீதிபதி அதை ஆயிரம் தடவை படித்தவர். எங்கள் அலுவலகத்தில் ஒரு மேஸ்திரிக்காக அப்படி ஒரு மனு தயாரானது. உண்மையில் என்ன நடந்தது? மகள் கல்யாணக் கடனை அடைக்கக் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், வக்கீல் அனுப்பிய கடிதம் ஊர் வீட்டில் கிடந்தது. அதைக் கேட்டதும் சீனியர் காமாலை மனுவைக் கிழித்துவிட்டு நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார். மனு அனுமதிக்கப்பட்டது. 1998-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் 883 நாள் தாமதத்தை சுப்ரீம் கோர்ட் மன்னித்தது. எத்தனை நாள் என்பதைவிட, சொல்லும் காரணத்தை நம்ப முடிகிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். பொய்க் காரணம் ஒரு நாள் தாமதத்தைக்கூடத் தாங்காது.

10. செத்துப்போனவரைப் பற்றிக் கோர்ட்டுக்குச் சொல்.
சிவில் வழக்கு மனித ஆயுளோடு போட்டி போடும் சமாசாரம். தாவா போட்டவர் ஒருவர், தீர்ப்பைக் கேட்பவர் அவர் பேரன் என்று பலதடவை ஆகும். கட்சிக்காரர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அற்றுப்போனதை நீக்க மேலும் 60 நாள். அதையும் விட்டால் தாமத மனு. எதிர்த்தரப்புக்குத் தெரியாமலே இந்த நாட்கள் ஓடட்டும் என்று சும்மா இருக்க ஆசை வரும். அதனால்தான் 1976-ல் கட்டளை 22-ல் 10-ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள்: தன் கட்சிக்காரர் இறந்தது தெரிந்தால் வக்கீல் கோர்ட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும். நீ தெரிவி. முடிந்தால் துக்கத்துக்கும் போய் வா. வாரிசுகள் பெயரும் வயதும் அங்கே சரியாகக் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் உன்னை நம்பி வக்காலத்துக் கொடுத்தவர்.

11. சமாதானத்துக்குத் தடையாக நிற்காதே.
மெட்ராஸ் ஹைகோர்ட்டில் 2005-லேயே சமரச மையம் திறந்தார்கள். பிரிவு 89 அதற்கு வழி. தனியாகப் பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று நம் ஹைகோர்ட் சொன்னதை 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. இதை முதல் நாளே கட்சிக்காரரிடம் சொல்லிவிடு.

12. டிகிரி வாங்கினதோடு உன் வேலை முடியவில்லை.
இந்த நாட்டில் வழக்காடுபவரின் கஷ்டம் டிகிரி கிடைத்தபிறகுதான் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872-லேயே வருத்தப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை. பெரியம்மாள் வழக்கைப் பார். 1980-ல் எழுதிய கிரய ஒப்பந்தம், எங்கள் சேலத்தில் போட்ட வழக்கு. சுவாதீனம் கைக்கு வராமல் வாரிசுகள் சுப்ரீம் கோர்ட் வரை போய் நிற்க வேண்டியதாயிற்று. 2025-ல் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட், நிலுவையில் உள்ள நிறைவேற்று மனுக்கள் ஆறு மாதத்தில் முடியும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லி எல்லா ஹைகோர்ட்டுகளுக்கும் உத்தரவிட்டது.

ஆகவே, தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனு போடு. அப்பீலுக்கு மாவட்டக் கோர்ட் என்றால் 30 நாள், ஹைகோர்ட் என்றால் 90 நாள் என்பதை, ஜெயித்தாலும் தோற்றாலும், கட்சிக்காரருக்கு எழுத்தில் கொடு. டிகிரி வந்ததும் சொத்து விவரத்தைப் பிராதோடு வரிவரியாக ஒப்பிடு. நிறைவேற்ற 12 வருஷம் இருக்கிறதே என்று கட்டைப் பரணில் போடாதே. சுவரை இடி, வழியைத் திற என்ற மாதிரிச் செயலுறுத்துக் கட்டளைக்கு 3 வருஷம்தான். இடத்தில் யாராவது குறுக்கே நின்றால் புது வழக்குப் போட ஓடாதே. கட்டளை 21 விதி 97-ல் மனுப் போட்டால், உரிமைக் கேள்வி உட்பட எல்லாவற்றையும் அங்கேயே தீர்க்கச் சொல்கிறது விதி 101.

இன்னொன்று. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். காலி செய்யப்போவது உன் எதிரி வீடாக இருந்தாலும் அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், படுக்கையில் ஒரு கிழவி இருக்கலாம். அமீனாவோடு போவதற்கு முந்தின நாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு போன் செய். 'நாளைக்கு வருகிறோம், சாமானை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒரு வாரம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள், கட்சிக்காரரிடம் பேசிப் பார்க்கிறேன்' என்று சொல். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க உன் கட்சிக்காரரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை நீயே எடுத்துக்கொள்.